வாசகர் கேள்வி – பதில்: ஹெய்ட்டிச் சாப்பாட்டுக் கடையில் எதைக் கேட்பது?

மொன்றியல் நகரின் சேன் மிஷேல் பகுதியில், கரீபியன் கடல் நாடான ஹெய்ட்டியின் உணவு விற்கும், ஆறே மேசைகள் போட்ட ஒரு சாப்பாட்டுக் கடையில் நானும் என் துணைவியாரும் உண்டதைப் பற்றிச் சென்ற இதழில் பத்து வரிகள் எழுதியிருந்தேன். அந்தப் பத்து வரிகளுக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நம் மொரிஷியஸ் மக்களின் பிள்ளைகள் பலர் கனடாவில் குடியேறியிருப்பது காரணமாக இருக்கலாம். இந்த இதழின் பகுதி முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் மொன்றியலில் இருக்கிறாள். அடுத்த மாதம் நானும் என் வீட்டுக்காரரும் அங்கே போகிறோம். அவள் வீட்டுக்குக் கீழேயே ஒரு ஹெய்ட்டிக் கடை இருக்கிறதாம். அவர்களும் கிரியோல் பேசுகிறவர்கள், நாமும் கிரியோல் பேசுகிறவர்கள். அப்படியிருக்க, மகள் வேலைக்குப் போன பிறகு நாங்கள் இருவரும் மட்டும் போய் வேண்டியதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட முடியாதா? வீட்டுக்காரர் மாட்டிறைச்சியைத் தொடமாட்டார் என்பது ஒன்றுதான் கவலை.
— வாசகி ஒருவர், கத்ர் போர்ன்

பதில்: தாராளமாக முடியும் அம்மா. ஆனால் கிரியோல் தெரியும் என்ற துணிச்சலோடு போனவர்களுக்குத்தான் அங்கே சறுக்கல் நேர்கிறது. அதற்கு நானே சாட்சி. இரண்டு கிரியோல்களும் பிரெஞ்சு ஆட்சியில், அடிமைகளிடையே பிரெஞ்சிலிருந்து பிறந்த பேச்சுமொழிகள். ஹெய்ட்டி அன்று சேன் தொமேங். நம் தீவு 1810 வரை ஈல் த பிரான்ஸ். சோறு அங்கும் ‘திரி’, இங்கும் ‘திரி’ (தமிழில் எழுதினால் விளக்குத் திரியாகிவிடுகிறது, என்ன செய்வது). கோழி இரண்டு இடத்திலும் ‘புல்’, மிளகாய் ‘பிமான்’, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ‘பத்தாத்’. இவ்வளவும் காதில் விழுந்தவுடன் சொந்த ஊர்க் கடைக்கு வந்துவிட்டோம் என்ற எண்ணம் வந்துவிடும். நான் ஏமாந்ததும் அங்கேதான்.

பலகையில் ‘லாலோ’ என்று எழுதியிருந்தது. நமக்கு லாலோ என்றால் வெண்டைக்காய்தானே? வெளியூரில் வெண்டைக்காய் கிடைக்கிறதே என்ற மகிழ்ச்சியில், வேறொன்றும் கேட்காமல் ஒரு தட்டு கொண்டுவரச் சொன்னேன். வந்ததோ கரும்பச்சை நிறத்தில் குழையக் குழைய வெந்த ஒரு கீரை, அதன் நடுவே மாட்டிறைச்சித் துண்டுகள். ஹெய்ட்டியில் லாலோ என்பது சணல் செடியின் இலை. அதை மாட்டிறைச்சியோ நண்டோ சேர்த்துச் சமைப்பதே அவர்கள் வழக்கம். வெண்டைக்காய்க்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘கலலு’ அல்லது ‘கோம்போ’. கடைக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவருடைய மொழியில் நான் கேட்டதைத்தான் அவர் கொடுத்தார். அன்று நான் வெறும் சோற்றை ஊறுகாயோடு சாப்பிட்டு எழுந்தேன்.

அதே வகையில் இன்னொரு சொல் ‘லெகிம்’. நமக்கு அது எந்தக் காய்கறிக்கும் பொதுப்பெயர். அங்கே அது ஒரு குறிப்பிட்ட குழம்பு: கத்தரிக்காய், சௌசௌ, முட்டைக்கோஸ், கேரட், கீரை எல்லாவற்றையும் வேகவைத்து மசித்துக் கூட்டு போலச் செய்வார்கள், பெரும்பாலும் அதற்குள்ளும் மாட்டிறைச்சியோ நண்டோ இருக்கும். பெயரை நம்பிச் சைவம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சௌசௌவுக்கு நாமும் தமிழ்நாட்டாரும் ஏறக்குறைய ஒரே பெயரைச் சொல்கிறோம். ஹெய்ட்டியர் மட்டும் ‘மிலித்தோன்’ என்கிறார்கள். அடுத்து ‘பனான்’: பழம் என்று நினைத்துக் கேட்டால் வாழைக்காய் வரும். அதை வட்டமாக நறுக்கிப் பொரித்து, எடுத்து நசுக்கித் தட்டையாக்கி, உப்புத் தண்ணீரில் நனைத்து மறுபடியும் எண்ணெயில் போடுவார்கள். அதற்குப் பெயர் ‘பனான் பெஸே’. அந்தக் கடையில் எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது என்பது என் தீர்ப்பு. இனிக்கும் வாழைப்பழம் அவர்களுக்கு ‘ஃபிக்’; அண்டைத் தீவான ரீயூனியனின் வாசகர்களுக்கு இது புதிதாக இராது, அவர்களும் அப்படியே சொல்கிறார்கள்.

தங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்வது ‘தாஸோ கப்ரி’. ஆட்டிறைச்சியை நாரத்தையைப் போன்ற புளிப்பு ஆரஞ்சின் சாற்றில் ஊறவைத்து, வேகவைத்து, பிறகு பொரித்தெடுப்பது. வெளியே மொறுமொறுப்பும் உள்ளே நாருமாக இருக்கும். கப்ரி என்ற சொல்லில் ஏமாற்றம் இல்லை, இரண்டு ஊரிலும் ஆடுதான். அவர்களுடைய பெருமைக்குரிய பண்டம் என்னவோ ‘கிரியோ’: பன்றியின் தோள்பட்டைக் கறியைத் துண்டுபோட்டு அதே முறையில் ஊறவைத்து, ஊறிய சாற்றிலேயே வேகவைத்து, எண்ணெயில் சிவக்க விடுவது. பன்றி உண்பவர்கள் முதல் தடவை அதையே கேட்கலாம். ‘லாம்பி’ என்று கண்டால் அது கடற்சங்கின் சதை. விலை சற்று அதிகம், மெல்லுவதற்குப் பல்லும் வேண்டும். ‘பாத்தே’ எனப்படும் மடிப்பு மடிப்பாகச் சுட்ட மாவுப் பலகாரத்துக்குள் கோழி, கருவாட்டு மீன், மாட்டிறைச்சி ஆகியவற்றுள் எதுவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் கேட்டுவிட்டே கடிக்க வேண்டும்.

சோற்றில் மூன்று வகை உண்டு. ‘திரி கோலே’ என்பது சிவப்பு அவரையோடு சேர்த்து வடித்தது. ‘திரி பிளான்’ வெறும் வெள்ளைச் சோறு. அதன் மேல் அரைத்த அவரைக் குழம்பான ‘ஸோஸ் புவா’வை ஊற்றுவார்கள், பருப்புச் சோறு உண்டு வளர்ந்தவர்களுக்கு உடனே பிடித்துவிடும். மூன்றாவது ‘திரி ஜோன் ஜோன்’. ஹெய்ட்டியின் வடபகுதியில் விளையும் ஒரு சிறு காளானை உலர்த்தி, தண்ணீரில் ஊறவைத்து, காளானை வடித்துவிட்டு அந்தக் கருநிறத் தண்ணீரிலேயே அரிசியை வேகவைக்கிறார்கள். சோறு கரிய நிறத்தில் வருவதைப் பார்த்து என் துணைவியார் முதலில் தட்டைத் தள்ளிவிட்டார். ஒரு கவளம் உண்டபின் என் பங்கும் எனக்கு மிஞ்சவில்லை. உலர்ந்த காளான் விலை உயர்ந்தது என்பதால் சில கடைகளில் மாகி நிறுவனத்தின் ஜோன் ஜோன் கட்டியைக் கரைத்துச் சமாளிப்பதும் உண்டு. நிறம் வந்துவிடும், மணம் அவ்வளவாக வராது.

அரிசியைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. ஹெய்ட்டி ஒரு காலத்தில் தன் அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்த நாடு. 1995இல் இறக்குமதி வரி 35 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்ட பிறகு அமெரிக்க அரிசி பெருகி, உள்ளூர் உழவர்கள் நொடித்தார்கள். வரிக்குறைப்பை வற்புறுத்தியது தவறு என்று முன்னாள் அதிபர் கிளின்டனே 2010இல் அமெரிக்க செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். வெளியிலிருந்து வரும் அந்த அரிசிக்கு மக்கள் வைத்த பெயர் ‘மியாமி அரிசி’. உண்ணும் அரிசிக்குக் கப்பலை எதிர்பார்த்திருக்கும் நம் தீவினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு நடைமுறை: பலகையில் இருபது பெயர் இருந்தாலும் அடுப்பில் அன்றைக்கு இருப்பது ஐந்தாறுதான். ஆகவே பலகையைப் படித்து நேரத்தைக் கழிக்காமல், நாம் ‘கி எனா ஸோர்தி’ என்று கேட்பதை அவர்கள் முறையில் ‘கிசா கி கென்யேன் ஜோதி ஆ’ என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் ‘பெஃப்?’ என்று ஒரு சொல்லைப் போட்டால் போதும். மாடு உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். இருவருக்கும் ஒரு தட்டு வாங்கினாலே வயிறு நிறையும்.

கேள்வி: சென்ற ஆண்டு பாரிசில் ஒரு ஹெய்ட்டிக் கடையில் கோழிக் குழம்பு சாப்பிட்டேன். மசாலாவே இல்லை, மஞ்சள், மல்லி, சீரகம் எதுவும் நாக்கில் தெரியவில்லை. தாங்கள் இவ்வளவு புகழ்வது ஏன் என்று விளங்கவில்லை.
— வாசகர் ஒருவர், சேன் ஆந்த்ரே, ரீயூனியன்

பதில்: தமிழ் வகுப்பில் கற்ற தமிழ் என்று கடிதத்தின் ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள், பிழையில்லாத தமிழ், வாழ்த்துகள் ஐயா. தங்கள் நாக்கு சொன்னதும் சரிதான். அவர்கள் சமையலில் மஞ்சளும் மல்லியும் தேடினால் கிடைக்காது. அதற்கு ஈடாக அவர்கள் வைத்திருப்பது ‘எப்பிஸ்’: வெங்காயத்தாள், பூண்டு, பார்ஸ்லி, தைம், குடைமிளகாய், சில வீடுகளில் கிராம்பும் சேர்த்துப் பச்சையாக அரைத்த விழுது. நம் மசாலா எண்ணெயில் வதங்கி மேலே மணக்கும். எப்பிஸ் இரவெல்லாம் இறைச்சிக்குள் இறங்கி மறைந்துவிடும். நாக்கு மேலே தேடினால் காணாது.

அதைவிட முக்கியமாக ஒன்று. கடிதத்தில் ‘பிக்லிஸ்’ என்ற சொல்லே இல்லையே, அதைத் தொடாமல் எழுந்துவிட்டீர்களோ என்று ஐயுறுகிறேன். அந்தச் சமையலில் உறைப்பைக் குழம்புக்குள் போடுவது குறைவு. மேசையில் ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்துவிடுகிறார்கள். மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸும் கேரட்டும் வினிகரில் கிடக்கும். நம் காய்கறி அச்சாறு என்று எண்ணிக் கரண்டி நிறைய அள்ளிவிடக் கூடாது. அச்சாற்றில் எண்ணெயும் கடுகும் மஞ்சளும் மிளகாயை அடக்கிவைக்கும். பிக்லிஸில் அதை அடக்க எதுவும் இல்லை. அதில் போடும் மிளகாயின் பெயர் ‘பிமான் பூக்’, அதாவது கிடாய் மிளகாய். தங்கள் தீவில் அதே இனத்து மிளகாயைத்தான் ‘பிமான் கப்ரி’ என்கிறீர்கள். இரண்டு கடலுக்கு அப்பாலும் இப்பாலும் மக்கள் அந்த மிளகாயின் வாசனையில் ஆட்டைத்தான் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே ரீயூனியனில் இருந்துகொண்டே அதைச் செய்துபார்க்கலாம். அரை முட்டைக்கோஸ், இரண்டு கேரட், ஒரு வெங்காயம் ஆகியவற்றை நூல்போல் சீவி, நான்கு கப்ரி மிளகாயை நறுக்கிச் சேர்த்து, ஐந்தாறு கிராம்பு, பத்துப் பதினைந்து மிளகு, உப்பு, ஒரு எலுமிச்சையின் சாறு போட்டுக் கண்ணாடிப் புட்டியில் அழுத்தி, மூழ்கும் வரை வெள்ளை வினிகரை ஊற்றுங்கள். கையுறை இல்லாமல் மிளகாயைத் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கினால் நான் பொறுப்பல்ல. குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாள் கழித்துத் திறந்தால் சுவை சேர்ந்திருக்கும், வாரக்கணக்கில் கெடாது. பொரித்த எதற்கும் பொருந்தும். நான் அதை நம் கத்தோ பிமான் என்னும் பருப்பு வடையோடு உண்கிறேன். வீட்டில் எதிர்ப்பு இருக்கிறது.

கேள்வி: காவடி விரத நாள்களில் மொன்றியலில் இருக்க நேர்ந்தால் அப்படிப்பட்ட கடையில் சைவமாக எதையாவது உண்ணலாமா?
— வாசகி ஒருவர், ரோஸ் ஹில்

பதில்: வேண்டாம் அம்மா. அவரைக் குழம்பில்கூட உப்பிட்ட பன்றித் துண்டோ கோழிச் சாற்றுக் கட்டியோ விழுந்திருக்கலாம். வாழைக்காய் பொரியும் எண்ணெயிலேயே கிரியோவும் பொரிந்திருக்கும். விரதமில்லாத நாள்களில் பழக்கத்தால் சைவம் உண்பவராயின், ‘ம்வேன் பா மான்ஜே வியான்’, அதாவது இறைச்சி உண்பதில்லை, என்று சொல்லிவிட்டு, வெள்ளைச் சோறு, பிக்லிஸ், ‘ஸபோக்கா’ என்னும் வெண்ணெய்ப்பழம் (நம் ஸவோக்காதான்) ஆகியவற்றை நம்பி உண்ணலாம்.

கேள்வி: பட்டியலில் போட்ட விலையைவிட அதிகமாகக் கேட்கிறார்களாமே, ஏமாற்றுகிறார்களா?
— வாசகர் ஒருவர், கியூர்ப்பிப்

பதில்: இல்லை. நம் நாட்டில் 15 விழுக்காடு வாட் வரி பெரும்பாலும் விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மொன்றியல் இருக்கும் கியூபெக் மாநிலத்தில் கூட்டாட்சி வரி 5 விழுக்காடும் மாநில வரி 9.975 விழுக்காடும் கணக்குச் சீட்டில்தான் சேரும். மேசையில் பரிமாறினால் வரிக்கு முந்தைய தொகையில் 15 விழுக்காடு அன்பளிப்பாக வைப்பது அங்குள்ள வழக்கம். பொட்டலம் கட்டி வாங்கிப் போனால் கட்டாயமில்லை.

கேள்வி: ஜனவரி 1 அன்று ஹெய்ட்டியர் எல்லோரும் பூசணி சூப் குடிப்பார்களாமே, அதற்கு என்ன காரணம்? கடையில் அது கிடைக்குமா?
— மாணவர் ஒருவர், போர்ட் லூயிஸ்

பதில்: நம் ‘ஸிரோமோன்’ அங்கே ‘ஜுமு’ என்று திரிந்திருக்கிறது. அதனால் அது ‘சூப் ஜுமு’. அடிமைகளாக இருந்தவர்கள் அந்தச் சூப்பைத் தோட்ட முதலாளிகளுக்குச் சமைத்தார்கள். தாங்கள் குடிக்க அனுமதியில்லை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். நெப்போலியனின் படையை வென்று, 1804 ஜனவரி 1 அன்று கொனாயீவ் நகரில் விடுதலைப் படைத் தலைவர் தெசலின் நாட்டின் விடுதலையை அறிவித்தார். அன்று முதல் அந்தச் சூப்பே அவர்கள் புத்தாண்டின் முதல் உணவு. யுனெஸ்கோ 2021 டிசம்பரில் அதை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபாகப் பதிந்தது. ஹெய்ட்டிக்கு அந்தப் பட்டியலில் அதுவே முதல் இடம். அங்கே அடிமை முறை ஒழிந்த காலத்தில் நம் தீவில் அது தொடர்ந்துகொண்டிருந்தது. நமக்கு 1835 பிப்ரவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பூசணியை அரைத்த சாற்றில் மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு, மக்ரோனி எல்லாம் சேரும். ஹெய்ட்டியர் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமையும் இதைச் செய்வதுண்டு, சிறு கடைகள் பலவும் வார இறுதிக் காலையில் வைக்கின்றன. நான் சென்ற கடையில், சொல்லிவைத்தால் இறைச்சியில்லாத பானை ஒன்றைத் தனியாக ஏற்றுவதாகச் சொன்னார்கள், சொல்லியும் வைத்தேன். ஞாயிறு பன்னிரண்டரைக்குப் போனபோது பானையைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் பத்து மணிக்கே போய்விடுங்கள்.