கேப் டவுனில் அரை நாள்தான் இருக்கிறது, நிறவெறிக் காலத்தைப் புரிந்துகொள்ள எந்த அருங்காட்சியகத்துக்குப் போகலாம்?

டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

எல்லோரும் ராபன் தீவு என்றுதான் சொல்வார்கள். மண்டேலா சிறையிலிருந்த 27 ஆண்டுகளில் 18 ஆண்டுகள் அங்கேதான் கழிந்தன, பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் படகில் போய் வருவதிலேயே உங்கள் அரை நாள் தீர்ந்துவிடும். காற்று பலமாக அடித்தால் படகே விட மாட்டார்கள். எனக்கு அப்படித்தான் ஆனது. அலுவலக வேலையாகப் போயிருந்தேன், ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் படகு ரத்து. என்ன செய்வது என்று விடுதி வரவேற்பறையில் நின்றுகொண்டிருந்தபோது, அங்கே வேலை பார்த்த பெண் "பைட்டன்காண்ட் தெருவில் ஒரு பழைய சர்ச் இருக்கிறது, போய்ப் பாருங்கள். எங்கள் பாட்டி அந்த ஏரியாதான்" என்றார்.

அந்த மெதடிஸ்ட் சர்ச்தான் அருங்காட்சியகம். உள்ளே நுழைவதற்கு முன் வெளிச்சுவரில் ஒரு கல்வெட்டைப் படியுங்கள். தோலின் நிறத்துக்காகச் சட்டத்தின் பெயரால் வீட்டைவிட்டு விரட்டப்பட்ட ஆயிரக்கணக்கானோரை, இந்த வழியாகப் போகிறவர்கள் வெட்கத்தோடு நினைத்துக்கொள்ளட்டும் என்று சொல்கிறது அது. நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே பதித்த கல்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1867-ல் கேப் டவுன் நகராட்சியைப் பிரித்தபோது ஆறாவது வட்டமாக வந்த பகுதி இது. விடுதலை பெற்ற அடிமைகள், கைவினைஞர்கள், துறைமுகக் கூலிகள், சிறு வியாபாரிகள், வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே தெருவில் குடியிருந்தார்கள். 1901-ல் பிளேக் வந்ததைச் சாக்காக வைத்து முதலில் கறுப்பர்களை ஊருக்கு வெளியே தள்ளினார்கள். அதாவது நிறவெறிச் சட்டங்கள் எழுதப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்த வேலை தொடங்கிவிட்டது. 1950-ல் எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று வரையறுக்கும் குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. 1966 பிப்ரவரி 11-ல் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வெள்ளையருக்கு மட்டுமான பகுதி என்று அறிவித்தார்கள். 1980களின் தொடக்கத்துக்குள் சுமார் 60,000 பேரைக் காலி செய்து, கேப் ஃப்ளாட்ஸ் என்கிற மணல்வெளிக்கு அனுப்பிவிட்டார்கள். வீடுகள் மேல் புல்டோசர் ஏறியது. சர்ச்சுகளையும் மசூதிகளையும் மட்டும் விட்டுவைத்தார்கள்.

சேரி, குற்றம் மலிந்த இடம் என்பது அரசு சொன்ன காரணம். பின்னால் டேபிள் மலை, முன்னால் துறைமுகம், நடந்துபோகிற தூரத்தில் நகர மையம். அந்த நிலத்தின் மேல் ஏன் கண் விழுந்தது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? தரை முழுக்க ஒரு வரைபடம். பழைய தெருக்களை எல்லாம் வரைந்து மேலே கண்ணாடி போன்ற உறை போட்டிருக்கிறார்கள், அதன் மேல்தான் நடக்க வேண்டும். முதலில் எனக்குக் கால் வைக்கக் கூச்சமாக இருந்தது. குனிந்து பார்த்தால் தெருவுக்குத் தெரு கையெழுத்துகள். அங்கே குடியிருந்தவர்கள் தேடி வந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் குடும்பப் பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். கடை, பள்ளிக்கூடம் என்று தெரிந்ததையும் குறித்திருக்கிறார்கள். நிபுணர் ஒருவர் வரைந்து மாட்டிய வரைபடம் என்றால் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பேன்.

மேலே பார்த்தால் தெருப் பெயர்ப்பலகைகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. எல்லாம் நிஜப் பலகைகள். இடிப்பு வேலையை மேற்பார்த்த ஒருவர் அவற்றைத் தூக்கி எறியாமல் பல ஆண்டுகள் தன் வீட்டில் பதுக்கி வைத்திருந்து, பிறகு அருங்காட்சியகத்திடம் கொடுத்திருக்கிறார். பகலெல்லாம் தெருவை இடித்துவிட்டுச் சாயங்காலம் அதன் பெயரை வீட்டுக்குக் கொண்டுபோன மனிதர். அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று இன்னும் யோசிக்கிறேன்.

1980களின் பிற்பகுதியில் அந்தக் காலி நிலத்தில் புதிதாகக் கட்டிடங்கள் எழுப்பத் திட்டம் வந்தபோது, "டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மேல் கை வைக்காதே" என்று ஓர் இயக்கம் கிளம்பியது. இந்த அருங்காட்சியகம் அதிலிருந்து பிறந்ததுதான். 1994 டிசம்பர் 10-ல் தெருக்களைப் பற்றிய கண்காட்சியோடு திறந்தார்கள். இரண்டு வாரம் நடத்திவிட்டு மூடுவதாகத்தான் எண்ணம். மக்கள் வந்துகொண்டே இருந்ததால் மூட முடியவில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் 2001-ல் திறந்த நிறவெறி அருங்காட்சியகத்தையும் பார்த்திருக்கிறேன். நுழைவுச்சீட்டிலேயே வெள்ளையர், வெள்ளையரல்லாதோர் என்று பிரித்துத் தனித்தனி வாசலில் அனுப்பித் திகைக்க வைப்பார்கள், பிரமாதமான ஏற்பாடு. ஆனால் அது கசினோ உரிமம் வாங்கியவர்கள் நிபந்தனைப்படி கட்டிக்கொடுத்தது. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸை வீடு இழந்தவர்களே நடத்தினார்கள், அந்த வித்தியாசம் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது.

வழிகாட்டியோடு சுற்றக் கொஞ்சம் கூடுதலாகக் காசு கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். அங்கே பல ஆண்டுகள் வழிகாட்டியாக இருந்த நூர் இப்ராஹிம் என்பவரின் புறாக் கதை ரொம்பப் பிரபலம். அவர் ஐம்பது பந்தயப் புறாக்கள் வளர்த்தவர். வீட்டைக் காலி செய்து கேப் ஃப்ளாட்ஸிலுள்ள ஆத்லோனுக்குப் போனபோது, புதிய கூண்டில் மூன்று மாதம் அடைத்துப் பழக்கிவிட்டுத் திறந்துவிட்டார். சாயங்காலம் ஒன்றுகூடத் திரும்பவில்லை. மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் பார்த்தால், இடித்துத் தரைமட்டமாகிவிட்ட பழைய வீட்டு மனையில் ஐம்பதும் உட்கார்ந்திருக்கின்றன. கிட்டே போனாலும் பறக்கவில்லையாம்.

எங்களுக்கு வந்த வழிகாட்டி எழுபதைத் தாண்டியவர், அங்கே பிறந்தவர். தரை வரைபடத்தில் ஹனோவர் தெரு ஓரமாகக் குந்தி உட்கார்ந்து தன் வீடு இருந்த இடத்தைக் காட்டினார். கூட வந்திருந்த ஐரோப்பியப் பெண்மணி "எல்லோரும் எவ்வளவு ஒற்றுமையாக வாழ்ந்திருக்கிறீர்கள்" என்று உருகியதும், "ஒற்றுமைதான் அம்மா, கழிப்பறைக்கும் நாலு குடும்பம் ஒற்றுமையாக வரிசையில் நிற்போம்" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பெரும்பாலானவர்கள் வாடகைக்குக் குடியிருந்தவர்கள், வீட்டுக்காரர்கள் பழுதுபார்க்க மாட்டார்கள், ரவுடிக் கூட்டங்களும் இருந்தன. அதற்காக ஊரையே இடிப்பார்களா என்பதுதானே கேள்வி.

நான் சென்னையிலிருந்து வருகிறேன் என்றதும், அங்கிருந்து பத்து நிமிட நடையிலிருக்கும் அடிமைகள் விடுதிக்குப் போகச் சொன்னார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் அடிமைகளை அடைத்துவைத்த கட்டிடம், அதுவும் இப்போது அருங்காட்சியகம். மடகாஸ்கர், ஜாவா, வங்காளம் போலவே நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் ஆட்களை விலைக்கு வாங்கி இங்கே கொண்டுவந்தார்கள். பழவேற்காடும் நாகப்பட்டினமும் அந்தக் கம்பெனி கையில் இருந்த ஊர்கள். பதிவேடுகளில் அவர்கள் பெயருக்குப் பின்னால் "கரையைச் சேர்ந்த" என்று ஒட்டியிருக்கும். சொந்தப் பெயரும் போய், ஊரும் போய், ஒரு கரை மட்டும் மிச்சம். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் குடியேறிய விடுதலை பெற்ற அடிமைகளில் அவர்கள் வழி வந்தவர்களும் இருந்திருப்பார்கள். தென்னாப்பிரிக்கத் தமிழர் என்றால் 1860-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு டர்பன் வந்தவர்கள் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களையும் இதே குழுப் பகுதிகள் சட்டம் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்குத் தூக்கிப் போட்டது என்பது வேறு கதை.

திரும்பிப் போக முடிந்ததா என்று கேட்பீர்கள். நிறவெறி ஆட்சி முடிந்ததும் நில மீட்புச் சட்டம் வந்தது, 1998 டிசம்பர் 31 வரை விண்ணப்பிக்கலாம் என்றார்கள். வாடகைக்கு இருந்தவர்களும் கேட்கலாம். 2004 பிப்ரவரி 11-ல், அதாவது வெள்ளையர் பகுதி என்ற அந்த அறிவிப்பு வந்து சரியாக 38 ஆண்டு கழித்து, முதலில் திரும்பிய இரண்டு முதியவர்களுக்கு மண்டேலா கையால் சாவி கொடுத்தார்கள். இருவரும் எண்பது வயதைத் தாண்டியவர்கள். அதற்குப் பிறகு வேலை ஆமை வேகம்தான். காத்திருந்தவர்கள் நீதிமன்றம் போய் 2019-ல் அரசிடம் திட்டம் கேட்க வேண்டியிருந்தது. எங்கள் வழிகாட்டியும் விண்ணப்பித்தவர்தான். எப்போது வீடு வரும் என்று நான் கேட்டேன். "என் மகன் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறேன்" என்றார்.

கையில் நேரம் மிச்சமிருந்தால் வெளியே வந்து மலைப்பக்கமாகக் கொஞ்சம் ஏறுங்கள். நிறவெறி அரசு கட்டிய தொழில்நுட்பக் கல்லூரி, இன்று பல்கலைக்கழகம், நிலத்தின் ஒரு பெரிய பகுதியை எடுத்துக்கொண்டிருக்கிறது. புதிய வீடுகள் ஒரு பக்கம். நான் போனபோது மீதி இடத்தில் புல்தான் இருந்தது, நகரத்தின் விலை உயர்ந்த நிலத்துக்கு நடுவில். புல்லுக்குள் பழைய தெருவின் ஓரக்கல் அங்கங்கே தட்டுப்படும். பகலில் போங்கள், தனியாகப் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை என்று வரவேற்பறைப் பெண் சொல்லியிருந்தார், கிளம்புவதற்கு முன் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.