கானாடுகாத்தானை முன்பே பார்த்தவர்களுக்கு வேறென்ன காட்டலாம்?

கேள்வி: மலேசியாவிலிருந்து என் அத்தை குடும்பத்தார் மார்கழியில் இரண்டு நாள் காரைக்குடி வருகிறார்கள். பிள்ளையார்பட்டியும் கானாடுகாத்தான் அரண்மனையும் பார்த்தவர்கள். அத்தைக்கு எழுபது வயது தாண்டிவிட்டதால் அதிகம் நடக்க முடியாது. எங்கே அழைத்துச் செல்லலாம்?

பதில்: இன்னொரு பெரிய செட்டிநாட்டு வீட்டைத் தேடிப் போவதைவிட, அவ்வீடுகள் எவ்வாறு உருவாயின, எவ்வாறு இயங்கின என்பதைக் காட்டுவதே சிறப்பு.

முதல் நாள் காலையில் ஆத்தங்குடிக்குச் செல்லுங்கள். அங்குள்ள பூப்போட்ட தரைக்கல் (டைல்ஸ்) பட்டறைகளில், கண்ணாடித் தகட்டின் மேல் பூ அச்சை வைத்து, அதன் கட்டங்களில் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, அச்சை எடுத்தபின் அந்த வண்ணக் குழம்பின் மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்துவார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். அந்தத் தரையின் பளபளப்பு கண்ணாடியின் வழவழப்பிலிருந்தே வருகிறது. சூளையோ மெருகு இயந்திரமோ அதற்குத் தேவையில்லை. உட்கார்ந்தபடியே பார்க்கக்கூடிய வேலை என்பதால் அத்தைக்கும் சிரமமிராது. முன்னதாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.

திரும்பும் வழியில், ஏதேனும் ஒரு பெரிய வீட்டை முகப்பிலிருந்து பின்கட்டு வரை காரிலேயே மெதுவாகச் சுற்றி வாருங்கள்; முகப்பு ஒரு தெருவிலும் கொல்லை வாசல் அடுத்த தெருவிலும் இருப்பது அப்போதுதான் விளங்கும். கூரையில் விழும் மழை வீட்டின் நடுவிலுள்ள வளவு முற்றத்தில் இறங்கிக் கிணற்றுக்கும், எஞ்சியது தெருக்கால்வாய் வழியே ஊருணிக்கும் சேருமாறு ஊரையே அமைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், பர்மாத் தேக்குத் தூண்களைவிட வியக்கத்தக்கது இந்த நீர் ஏற்பாடுதான்.

மறுநாள் விடியலில், திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். நத்தைகொத்தி நாரைகளும் கொக்குகளும் கூடுகட்டும் காலம் மார்கழி. அவை அஞ்சிவிடக் கூடாதென்று அங்குள்ள கொள்ளுகுடிப்பட்டி கிராம மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் குறையும். ஆகவே கண்மாயில் தண்ணீர் உண்டா என்று வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். திருமயம் கோட்டையில் பாறையேற வேண்டும். அது இளையவர்களுக்கு மட்டும்.

மாலையில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்குப் போகலாம். ஆனால் ஒன்றைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்: நூறாண்டு கடந்த சிற்பம், மரச்செதுக்கல் போன்ற தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. பழைய பொருள் எதை வாங்கினாலும் அதன் காலத்தைக் கேட்டறிந்து, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.