கிளையன்ட் ஏன் திரும்பி வருவதில்லை? பெர்சனல் ட்ரெயினர்களுக்கான கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, வேலையில் சேர்ந்து ஓரிரண்டு வருடங்களே ஆனவர்கள் எழுதியவை. இந்தத் தொழிலில் நான் 14 வருடமாக இருக்கிறேன். ஆரம்பத்தில் எனக்கும் இதே சந்தேகங்கள்தான் இருந்தன.

எந்த சர்டிஃபிகேட் வாங்கினால் மதிப்பு? இரண்டே நாளில் தருவதாக ஒரு விளம்பரம் பார்த்தேன், சேரலாமா?

வேண்டாம். இரண்டு நாளில் ஒருவரின் தோள்பட்டை எப்படி அசைகிறது என்பதைக்கூட முழுதாகப் படித்து முடிக்க முடியாது.

பல நாடுகளில் ஜிம்காரர்கள் கேட்டதும் அடையாளம் கண்டுகொள்ளும் பெயர்கள் சில உண்டு: ஏசிஎஸ்எம், என்எஸ்சிஏ, ஏசிஇ, என்ஏஎஸ்எம். நான்குமே ட்ரெயினர்களுக்குத் தேர்வு வைத்து சர்டிஃபிகேட் தரும் அமெரிக்க அமைப்புகள். ஏசிஎஸ்எம் 1954-இல் தொடங்கியது, என்எஸ்சிஏ 1978-இல். மற்ற இரண்டும் எண்பதுகளில் வந்தவை. இந்த நான்கின் பெர்சனல் ட்ரெயினர் தேர்வுகளுக்கும், இத்தகைய தேர்வுகளின் தரத்தைச் சரிபார்க்கும் என்சிசிஏ அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) பயிற்சியும் கேட்பார்கள். ஒருமுறை வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டினால் போதாது. இரண்டு அல்லது மூன்று வருடங்களுக்கு ஒருமுறை தொடர்கல்வி முடித்துப் புதுப்பிக்க வேண்டும். நீங்கள் வேலை பார்க்கப்போகும் நாட்டில் ட்ரெயினர்களுக்குத் தனிப் பதிவு கேட்கிறார்களா என்பதையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்த நான்கில் எது உசத்தி என்று மாதக்கணக்கில் அலசிக்கொண்டிருக்காதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒழுங்காகப் படியுங்கள். தேர்வு முடியும்போது உங்களுக்கு உடலைப் பற்றித் தெரிந்திருக்கும், ஆட்களைப் பற்றி அவ்வளவாகத் தெரிந்திருக்காது. அதனால் தெரிந்தவர்கள் மூன்று பேரைப் பிடித்து, எட்டு வாரம் காசு வாங்காமல் பயிற்சி கொடுங்கள். ஒவ்வொரு நாளும் என்ன செய்தார்கள், எங்கே தடுமாறினார்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள். நேர்காணலில் அந்த நோட்டைக் காட்டுங்கள். என்னிடம் வேலை கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பதே அதைத்தான்.

எனக்கு சிக்ஸ் பேக் எல்லாம் இல்லை. கிளையன்ட் வருவார்களா?

வருவார்கள். உங்களுக்குத் திடமான உடல் இருந்தால் போதும், நீங்கள் சொல்லித்தரும் ஒவ்வொரு பயிற்சியையும் சுத்தமாகச் செய்து காட்டத் தெரிந்தால் போதும். பயந்துகொண்டே முதல்முறை ஜிம்முக்குள் நுழைபவர்களில் பலர் சாதாரண உடல்வாகுள்ள ட்ரெயினரிடம்தான் தயங்காமல் பேசுகிறார்கள்.

அக்கா, ஆட்கள் சேர்கிறார்கள், ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். நன்றாகத்தானே வேலை வாங்குகிறேன்?

தம்பி, உங்கள் கடைசி வரியில்தான் சிக்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு பெண்மணி வந்தார். பல வருடங்களாக உடற்பயிற்சியே செய்யாதவர். கொடுத்த காசுக்கு அவர் வேர்வையைப் பார்க்க வேண்டும் என்று நினைத்து, முதல் நாளே லஞ்சஸ், ஸ்குவாட், மறுபடி லஞ்சஸ் என்று போட்டேன். நான்கு நாள் அவரால் மாடிப்படி ஏற முடியவில்லை. அப்புறம் அவர் வரவே இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

புதிய பயிற்சிக்குப் பிறகு வரும் தசைவலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தில் இருக்கும். லேசான வலி இயல்பு. ஆனால் பழக்கமில்லாத உடலை அளவுக்கு மீறிப் பிழிந்தால் தசை நார்கள் சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கும் அளவுக்குப் போகலாம். ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். கடுமையான வலி, வீக்கம், தேநீர் நிறத்தில் சிறுநீர் என்று யாராவது சொன்னால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

அதனால் முதல் இரண்டு வாரம், 'இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமே' என்ற எண்ணத்தோடு அவர் வீட்டுக்குப் போகட்டும். ஒவ்வொரு செட்டையும் இன்னும் மூன்று நான்கு ரெப் (தடவை) செய்யத் தெம்பு இருக்கும்போதே நிறுத்துங்கள்.

இரண்டாவது விஷயம், கண்ணாடியை நம்ப வேண்டாம். தசை பெருப்பது கண்ணுக்குத் தெரிய மாதங்கள் ஆகும். ஆனால் வலிமை முதல் சில வாரங்களிலேயே கூடும். நரம்பு மண்டலம் இருக்கிற தசையை நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதுதான் அதற்குக் காரணம். ஆகவே எடை மெஷினைக் காட்டாதீர்கள், நோட்டைக் காட்டுங்கள். "முதல் வாரம் 8 கிலோ தூக்கினீர்கள், இன்று 14" என்று சொல்லிப் பாருங்கள், முகமே மாறும்.

மூன்றாவது, ஒருவர் இரண்டு முறை வராமல் போனால் அன்றே பேசுங்கள். "ஏன் வரலை?" என்று கேட்காதீர்கள். "இந்த வாரம் எப்படிப் போகிறது?" என்று கேளுங்கள். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்பார், தூக்கமே இல்லை என்பார். அந்த வாரத்துக்கு வீட்டிலேயே செய்ய 15 நிமிடப் பயிற்சி ஒன்றை எழுதி அனுப்புங்கள். அப்படிச் செய்தால் அநேகமாகத் திரும்பி வந்துவிடுவார்கள்.

பிபி மாத்திரை சாப்பிடும் ஒருவர் என்னிடம் சேர்ந்திருக்கிறார். எவ்வளவு நடக்கவைத்தாலும் இதயத் துடிப்பு நான் கணக்கிட்ட அளவுக்கு ஏறவே இல்லை. இன்னும் வேகத்தைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள்! அவர் சாப்பிடும் மாத்திரையின் பெயரை முதலில் கேளுங்கள். பீட்டா பிளாக்கர் வகை என்றால் அது துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். அதன் வேலையே அதுதான். நீங்கள் அந்த எண்ணைத் துரத்தினால் அவர் தாங்க முடியாத அளவுக்கு அவரைத் தள்ளிவிடுவீர்கள். அதிகபட்சத் துடிப்பைக் கண்டுபிடிக்க 220-இல் இருந்து வயதைக் கழிக்கும் கணக்கு மருந்தே சாப்பிடாதவர்களுக்கும் தோராயம்தான். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் மேலேயோ கீழேயோ போவது சாதாரணம்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னார் போர்க் உருவாக்கிய அளவுகோல் கைகொடுக்கும். 6 முதல் 20 வரை, எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று அவரே எண் சொல்ல வேண்டும். 12, 13 என்று சொன்னால் மிதமான பயிற்சி. அதைவிட எளிய வழி, பேச்சு. மூச்சு வாங்கினாலும் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். எடை தூக்கும்போது மூச்சை அடக்கவிடாதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். முடித்ததும் உடனே நிற்கவைக்காமல் மெதுவாக நடக்கவிட்டு இறக்குங்கள்.

இவரைச் சேர்க்கும்போது பார்-க்யூ பிளஸ் (பயிற்சிக்கு முன் உடல்நலம் பற்றிக் கேட்கும் படிவம்) நிரப்பினீர்களா? முதல் பக்கத்தில் ஏழே கேள்விகள். ஒன்றுக்கு 'ஆம்' வந்தாலும் அடுத்த பக்கங்களுக்குப் போய், தேவைப்பட்டால் மருத்துவரிடம் எழுத்தில் கருத்து வாங்கிய பிறகே தொடங்க வேண்டும். சுகருக்கு இன்சுலின் போடுபவர்கள் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும், பயிற்சியின்போதோ பிறகோ சர்க்கரை அளவு இறங்கிவிடலாம்.

டயட் சார்ட், புரோட்டீன் பவுடர் எல்லாம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பொதுவான நல்ல பழக்கங்களைப் பற்றி தாராளமாகப் பேசுங்கள். நோய் உள்ளவருக்கு உணவுத் திட்டம் எழுதுவது டயட்டீஷியன் வேலை, வலிக்குப் பெயர் வைப்பது மருத்துவர் அல்லது பிசியோதெரபிஸ்ட் வேலை. பவுடர் விற்று வரும் கமிஷன் ஆரம்பத்தில் இனிக்கும். ஆனால் கமிஷனுக்காகச் சொல்கிறீர்களோ என்ற சந்தேகம் கிளையன்டுக்கு ஒருமுறை வந்துவிட்டால், நீங்கள் சொல்லும் ஸ்குவாட்டையும் அவர் சந்தேகத்தோடுதான் செய்வார். நம்பிக்கையான ஒரு பிசியோ, ஒரு டயட்டீஷியன், இருவரையும் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். அவர்களும் உங்களிடம் ஆள் அனுப்புவார்கள்.

பயிற்சி செய்யும்போது உடலை வைக்கும் முறை (ஃபார்ம்) தவறாக இருந்தால் தொட்டுத் திருத்தலாமா?

கேட்டுவிட்டுத்தான். அதுவும் ஒருமுறை கேட்டது எல்லா நாளுக்கும் அனுமதி ஆகாது. முதலில் வாயால் சொல்லுங்கள், அடுத்து செய்து காட்டுங்கள், அப்புறம் முதுகில் ஒரு கம்பைப் பிடிக்கச் சொல்லியோ பின்னால் பெஞ்ச் வைத்தோ திருத்துங்கள். இவையே பெரும்பாலும் போதும். தொட வேண்டிய தேவை வந்தால், "தோளில் கை வைக்கட்டுமா?" என்று இடத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

ஃபீஸ் எப்படி நிர்ணயிப்பது? வாரம் 25 செஷன் எடுக்கிறேன், ஆனாலும் கையில் நிற்கவில்லை, உடம்பும் அசந்து போகிறது.

25 செஷன் என்றால் 25 மணி நேர வேலை என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் திட்டம் எழுத, மெசேஜுக்குப் பதில் சொல்ல 20 நிமிடம் என்று வைத்தாலே 500 நிமிடம், எட்டு மணி நேரத்துக்கு மேல். பயண நேரமும் காலைக்கும் மாலைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் நேரமும் தனி. ஜிம் பங்கு, இன்சூரன்ஸ், படிப்புச் செலவு, கிளையன்ட்கள் ஊருக்குப் போகும் மாதம் என எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குக் கூட்டி, நீங்கள் உண்மையில் எடுக்கப்போகும் செஷன் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பக்கத்து ட்ரெயினர் வாங்குவதைப் பார்த்து வைத்த ஃபீஸுக்கும் இதற்கும் பெரிய இடைவெளி இருக்கும்.

செஷனுக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் கேன்சல் செய்தால் அந்த செஷன் எடுத்ததாகவே கணக்கு வைக்கப்படும் என்று சேரும் நாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு சொன்னால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். ஒரே அளவு திறன் உள்ள இருவரைச் சேர்த்து எடுத்தால் அவர்களுக்குச் செலவு குறையும், உங்களுக்கு மணிக்கு வருமானம் கூடும். ஃபீஸை ஏற்றுவதாக இருந்தால் இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். வாரத்தில் ஒரு நாளை யாருக்கும் கொடுக்காமல் பூட்டி வையுங்கள். உங்கள் சொந்தப் பயிற்சிக்கும் காலண்டரில் நேரம் எழுதுங்கள். எழுதாவிட்டால் அந்த நேரத்தில் இன்னொரு செஷன் வந்து உட்கார்ந்துவிடும்.

ரீல்ஸ் போட்டே ஆக வேண்டுமா?

பிடித்தால் போடுங்கள். என் கிளையன்ட்களில் பெரும்பாலோர் இன்னொரு கிளையன்ட் சொல்லி வந்தவர்கள். கிளையன்ட்களின் படத்தை அவர்கள் அனுமதி இல்லாமல் போடவே போடாதீர்கள்.

வயது 43. அலுவலக வேலையை விட்டு இந்தத் துறைக்கு வர நினைக்கிறேன். தாமதமாகிவிட்டதா?

இல்லை. ஆனால் வேலையை இப்போதே விடாதீர்கள். காலையில் இரண்டு பேர், மாலையில் இரண்டு பேர் என்று ஆறு மாதம் பாருங்கள்.

உங்கள் வயதே உங்களுக்குச் சாதகம். 60 வயதைத் தாண்டியவர்கள் 22 வயது ட்ரெயினரைவிட உங்களிடம் மூட்டுவலியைப் பற்றி எளிதாகப் பேசுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் எல்லாப் பெரியவர்களுக்கும் வாரம் இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சி வேண்டும் என்கிறது. 65-க்கு மேற்பட்டவர்களுக்குக் கூடுதலாக வாரம் மூன்று நாளாவது சமநிலையையும் வலிமையையும் சேர்த்து வளர்க்கும் பயிற்சி வேண்டும் என்கிறது. இவற்றைப் பொறுமையாகச் சொல்லித்தர ஆள் குறைவு. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்பது, பையைத் தூக்கிக்கொண்டு நடப்பது, இந்த மூன்றையும் நன்றாகச் சொல்லிக்கொடுக்கப் பழகுங்கள். முதல் கிளையன்ட் உங்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கக்கூடும்.