அறுபது ஜோடிக்கு முன்னால் ஓர் அட்டைச் செருப்பு

கேள்வி: ஆம்பூரில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை, பாதம் மரத்துப் போயிருக்கிறது. அவரைப் போன்றவர்கள் வீட்டுக்குள் போட்டு நடக்க, மெத்தென்று ஒரு செருப்பு வடிவமைத்து 60 ஜோடி தைத்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தேன். எல்லோரும் ‘நல்லா இருக்கு’ என்றார்கள். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் வாசல் ஸ்டாண்டில் கிடக்கின்றன. டிசைன் திங்கிங் (பயன்படுத்துபவரைக் கவனித்து, மாதிரி செய்து பார்த்துத் திருத்தும் முறை) வகுப்பில் ‘தோல்வியிலிருந்து கற்றுக்கொள்’ என்றார்கள். என்ன கற்றேன் என்றே புரியவில்லை. செருப்பின் அடிப்பகுதியான சோலை மாற்றி அடுத்த 60 போடட்டுமா?

பதில்: வேண்டாம். அடுத்த லாட்டை நிறுத்தி வையுங்கள்.

உங்கள் தொழிலில் சாம்பிள் என்றால் பையர் பார்த்து ஓகே சொல்ல வேண்டிய பொருள். தையல் ஓர் இழை விலகக்கூடாது. டிசைன் திங்கிங்கில் புரோட்டோடைப் என்கிற சோதனை மாதிரி கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறு. எங்கே தப்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்வது. நீங்கள் பையருக்குச் செய்கிற அதே கையோடு இதையும் செய்துவிட்டீர்கள். அழகாக முடித்த செருப்பைத் தெரிந்த பிள்ளை சும்மா கொண்டுவந்து கொடுத்தால், யாருக்குக் குறை சொல்ல மனசு வரும்?

தோற்றது சோல்தானா? செருப்பு கிடந்த இடம் வேறு ஏதோ சொல்கிறது. வாசலில் கழற்றியே பழகிய கால்கள் நம்முடையவை. அடுப்படிக்கும் பூஜை அறைக்கும் செருப்போடு போவதைப் பல வீடுகளில் நினைத்தே பார்க்க மாட்டார்கள். இது என் ஊகம்தான். குனிந்து வாரை மாட்ட முடியாமலும் விட்டிருக்கலாம். எதுவாக இருந்தாலும், சோலை மாற்றினால் தீராது.

1996-இல் பாம் நிறுவனத்தின் பைலட் என்ற கையடக்கக் கணினி வந்தது. அதற்கு முன்பு அதை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ், அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். தேவைப்படும்போது எடுத்து, கருவி மாதிரியே அதில் எழுதுவதுபோல் பாவனை செய்வார். தினமும் இதைச் சுமப்பேனா என்பதுதான் அவர் தெரிந்துகொள்ள விரும்பியது. கட்டையே போதுமானதாக இருந்தது.

உங்களுக்கும் ஒரு தடவைக்கு ஒரு கேள்வி போதும். குனியாமல் மாட்ட முடிகிறதா என்று பார்க்க, கட்டிங்கில் மிஞ்சிய துண்டு, அட்டை, பேஸ்டிங் சொல்யூஷன், கொஞ்சம் வெல்க்ரோ இருந்தால் ஒரு மணி நேரத்தில் ஒன்றை ஒட்டிவிடலாம். அசிங்கமாக இருக்கட்டும், குறை சொல்பவருக்குத் தைரியம் வரும். ஒன்றைக் கொடுத்து ‘எப்படி’ என்று கேட்பதைவிட, இரண்டை வைத்து எது பரவாயில்லை என்று கேளுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு அவர் கையையும் காலையும் பாருங்கள். (விற்பனைக்குப் பழகிய நமக்கு இதுதான் கஷ்டம்.)

ஆனால் அட்டைச் செருப்பை மரத்த பாதத்தில் போட்டு நடக்க விடாதீர்கள். உட்கார்ந்தபடி மாட்டிக் கழற்றிப் பார்ப்பதோடு சரி. நடந்து பார்ப்பதை உணர்ச்சியுள்ள உங்கள் காலில் செய்யுங்கள். இது வேலூருக்கு நன்றாகத் தெரிந்த பாடம். அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்கு வலி தெரியாமல் போனதே பெரிய காரணம் என்று கண்டார். அவர்களுக்கான எம்.சி.ஆர். (நுண்துளைகள் கொண்ட மெத்தென்ற) ரப்பர் செருப்புக்குப் பின்னால் அந்தப் புரிதல் இருக்கிறது. மரத்த காலுக்குச் செருப்பு கடித்தாலும் தெரியாது. அதனால் ‘வலிக்கலை’ என்ற பதிலுக்கு இங்கே மதிப்பே இல்லை. சர்க்கரை நோயாளியின் பாதம் பார்க்கும் மருத்துவர், தைத்த மாதிரியைப் பார்த்துச் சரி என்ற பிறகு, கொஞ்ச நேரம் போட்டுக் கழற்றச் சொல்லி, சிவந்த இடம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். விரலிடுக்கில் வார் வேண்டாம். பின்வார் இருக்கட்டும், செருப்பு நழுவினாலும் அவர்களுக்குத் தெரியாது.

‘வேகமாகத் தோற்றுப் பார்’ என்பதெல்லாம் வட்டி கட்டாதவர்கள் சொல்லும் பேச்சு. நீங்கள் மலிவாகத் தோற்கப் பாருங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால், என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்பதை நோட்டில் எழுதிவிடுங்கள். நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். முதலில் எழுதாவிட்டால், ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று மனசு ஏமாற்றிவிடும்.

இந்த வாரம் எதையும் தைக்காமல் கொடுத்த வீடுகளுக்கே போங்கள். ‘ஏன் போடலை’ என்று கேட்டால் சங்கடப்பட்டுப் பொய் சொல்வார்கள். நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து வீட்டுக்குள் எங்கெல்லாம் நடந்தார்கள், அப்போது காலில் என்ன இருந்தது என்று கேளுங்கள். செருப்பைப் போடுகிறவர்கள் வீட்டையும் விட்டுவிடாதீர்கள். இவ்வளவு எழுதிய நீங்கள், உங்கள் அம்மா அதைப் போடுகிறாரா என்று மட்டும் எழுதவில்லை. அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.