ஆதி சமூகங்களில் ஷாமனுக்கு என்ன வேலை?

ஆவிகளிடம் பேசி ஊருக்குப் பதில் வாங்கிவருபவர்தான் ஷாமன். நோயோ பஞ்சமோ ஏன் வந்தது என்று விளங்காதபோது அவரைத் தேடினார்கள்.

ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்களுக்குச் சீல் என்ற கடல்விலங்கு கிடைக்காவிட்டால் குளிர்காலத்தில் பட்டினிதான். கடலடியில் வாழும் செட்னா என்ற கடல் தெய்வம் கோபத்தில் விலங்குகளை அடைத்துவைத்திருக்கிறாள் என்று நம்பினார்கள். அவளுக்கு விரல்கள் இல்லை. செய்யக்கூடாது என்று விலக்கியதை மனிதர்கள் மீறிச் செய்யும்போதெல்லாம் அவள் தலைமுடியில் அழுக்கு சேர்ந்து சிக்குப்பிடிக்கும். அவளால் தானே வார முடியாது, அதனால் ஷாமனின் ஆவி போய் அதை வாரிவிட வேண்டும். அப்புறம் கூடியிருப்பவர்கள் மறைத்த தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: பசியோடு நெருங்கி வாழ்ந்தவர்களின் மனக்கசப்பு இப்படி வெளியே வந்தது, நம் ஊர்ச் சாமியாடி முன்னால் குடும்பச் சண்டை வெளிவருவதைப் போல.

ஷாமன் என்றால் ஊரை ஆண்ட ஆண் தலைவர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இனுயிட் ஷாமன்களில் பெண்களும் இருந்தார்கள், மற்றவர்களைப் போல அன்றாட வேலையும் பார்த்தார்கள்.