கணினி தொடங்கிவிட்டது என்பதற்காகத் திருத்தத்தை ஏற்கலாமா?

கேள்வி: கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறேன். ஊர் நூலகத்துக்குக் கிடைத்த பழைய கணினிகளில் லினக்ஸ் தொடக்கத்திலேயே உறைந்து நிற்கிறது. நண்பன் லினக்ஸின் மையமான கேர்னலைத் திருத்தி, ஃபேர்ம்வேர் (கணினியிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) தரும் அட்டவணைக்கு நினைவகத்தை ஒதுக்கும் வரியை முன்னுக்கு நகர்த்தியிருக்கிறான். இப்போது தொடங்குகிறது. திருத்தத்தைச் சரிபார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: நண்பனின் யோசனை தவறில்லை. ஆனால் "தொடங்குகிறது" என்பது சாட்சியாகாது.

முழு நினைவக மேலாண்மை தயாராகும்வரை, தொடக்க நேரத்தில் நினைவகத்தைக் கவனிக்கும் கேர்னல் பகுதியான மெம்பிளாக் இரண்டு பட்டியல்களை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது: இருக்கும் இடம், ஒதுக்கிய இடம். ஏற்கெனவே எடுக்கப்பட்ட இடத்தை மறுபடி ஒதுக்கச் சொன்னாலும் அது மறுக்காது. இரண்டையும் ஒரே பதிவாகச் சேர்த்துவிட்டு வெற்றி என்றே சொல்லும். இரணைமடுக் குளத்தடியில், சிறுபோக நெற்செய்கைக்கு வயல் பகிரும் கூட்டத்துக்கு முன்பே ஒருவர் விதைத்த வயலைக் கூட்டம் இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பது போலத்தான். ஆகவே அந்த வரி நகர்ந்திருக்கும் புதிய இடத்துக்கும் முன்பாக வேறு ஏதாவது செயற்கூறு நினைவகம் கேட்கிறதா என்று பாருங்கள். திருத்தத்தில் தெரியும் சில வரிகள் இதற்குப் போதா. இன்டெல், ஏஎம்டி செயலிகளின் எக்ஸ்86 வகை என்றால், தொடக்க ஒழுங்குகளைச் செய்யும் செட்டப்_ஆர்ச் செயற்கூறை முதல் வரியிலிருந்து வாசிக்க வேண்டும்.

முன்னுக்கு நகர்த்துவதிலும் ஆபத்து உண்டு. அட்டவணையின் முகவரியும் அளவும் அந்த நேரத்தில் வாசிக்கப்பட்டிருக்கின்றனவா? அளவு சுழியமாக இருந்தால் மெம்பிளாக் எதையும் ஒதுக்காமல், பிழையும் காட்டாமல் திரும்பிவிடும். பிறகு கணினி தொடங்கினால் அது தற்செயல்.

அடுத்து, ஒதுக்கும் செயற்கூறு கேட்பது தொடக்கத்தையும் அளவையும், முடிவை அல்ல. 16 ஆவது மெகாபைட்டில் தொடங்கும் 4 மெகாபைட்டை ஒதுக்க வேண்டிய இடத்தில் அளவுக்குப் பதில் முடிவான 20 ஐக் கொடுத்தால், 36 வரை போய்விடும். கணினி ஒழுங்காகவே தொடங்கும், 16 மெகாபைட் வீணாகும். பழைய கணினிக்கு அது சின்னத் தொகையல்ல.

மெம்பிளாக்=டீபக் என்ற தொடக்க அளவுருவைக் கொடுத்தால், கேர்னல் அந்த அளவுருவை வாசித்த பிறகு நடக்கும் ஒவ்வொரு ஒதுக்கீடும் அதைக் கேட்ட செயற்கூறின் பெயரோடு பதிவாகும். திருத்தத்துக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடுங்கள். உறைந்து நிற்கும் கணினியில் சீரியல் கம்பிவழியே எடுப்பதே வசதி. சோதிக்கும்போது மறுதொடக்கம் மட்டும் செய்யாமல் மின்சாரத்தையும் துண்டியுங்கள். பழைய தரவு நினைவகத்தில் தங்கியிருந்து பிழையை மறைக்கக்கூடும். மெம்பிளாக்குக்கு முன்பு இதே வேலையைச் செய்த பூட்மெம் பற்றிய பழைய கட்டுரைகளில் நேரத்தைச் செலவிட வேண்டாம். 2018 இல் 4.20 ஆம் பதிப்போடு அது நீக்கப்பட்டுவிட்டது.

நண்பனிடம் இரண்டு பதிவுகளையும், எந்த மாற்றத்தால் பிழை நுழைந்தது என்ற குறிப்பையும் கேளுங்கள். அவை வரும்வரை ஏற்க வேண்டாம். கோபித்தால் கோபிக்கட்டும்.