முன் தொடை, உள் தொடைத் தசைகள்: கேள்வி பதில்

தசை, நரம்புப் பெயர்களைக் கல்லூரியில் வழங்குகிறபடியே எழுதியிருக்கிறேன். புத்தகத்தையோ ஸ்கேன் ரிப்போர்ட்டையோ பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு அதுதான் வசதி.

பிஸியோதெரபி முதலாண்டு மாணவி: சார், அடக்டர் தசைகளை, அதாவது தொடையை உள்பக்கம் இழுக்கும் தசைகளை, எத்தனை முறை படித்தாலும் ஒன்றோடொன்று குழம்புகிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எதைக் கேட்பார்கள்?

பட்டியலாக மனப்பாடம் செய்வதால் வரும் குழப்பம் இது. அடுக்கு அடுக்காகப் பாருங்கள். மேல் அடுக்கில் வெளியிலிருந்து உள்ளே பெக்டினியஸ், அடக்டர் லாங்கஸ், கிராசிலிஸ். அதைத் தூக்கினால் அடக்டர் பிரெவிஸ். அதற்கும் அடியில் எல்லாவற்றிலும் பெரிய அடக்டர் மேக்னஸ். மேல்கோடியில் ஆழத்தில் அப்டுரேட்டர் எக்ஸ்டர்னஸ்.

எல்லாம் பியூபிஸ் (இடுப்பெலும்பின் முன்-கீழ்ப்பகுதி) பகுதியிலும் அதை ஒட்டிய எலும்பிலும் தொடங்கித் தொடை எலும்பின் பின்பக்கம் போய்ச் சேர்கின்றன. அதனால் படம் வரையும்போது எலும்பைப் பின்னாலிருந்து வரையுங்கள். மேலே பெக்டினியஸ், அடுத்து பிரெவிஸ், லீனியா ஆஸ்பெரா என்னும் பின்பக்க மேட்டுக் கோட்டின் நடுப்பகுதியில் லாங்கஸ், அந்தக் கோட்டின் நீளம் முழுக்க மேக்னஸ். கிராசிலிஸ் மட்டும் முட்டியைத் தாண்டி, கீழ்க்கால் எலும்பின் மேல் உட்பக்கத்தில் சார்ட்டோரியஸ், செமிடெண்டினோசஸ் இரண்டோடும் சேர்ந்து ஒட்டுகிறது.

நரம்பு அப்டுரேட்டர், தண்டுவடத்தின் இடுப்புப் பகுதி நரம்புகளான எல்2 முதல் எல்4 வரை. அதன் முன்கிளை பிரெவிஸுக்கு முன்னாலும் பின்கிளை பிரெவிஸுக்குப் பின்னாலும் இறங்கும். பிரெவிஸைக் கண்டுபிடித்துவிட்டால் நரம்பு தானாகக் கிடைத்துவிடும். வைவாவில் கேட்பது விதிவிலக்குகளைத்தான். பெக்டினியஸுக்குப் பெரும்பாலும் ஃபெமோரல் நரம்பு. மேக்னஸில், உட்காரும் எலும்பிலிருந்து அடக்டர் டியூபர்க்கிள் வரை செங்குத்தாக இறங்கும் பகுதிக்கு சயாட்டிக் நரம்பின் டிபியல் பங்கு. அந்தப் பகுதி இடுப்பைப் பின்னால் நீட்டும். வேலையிலும் நரம்பிலும் அது ஹாம்ஸ்டிரிங் என்னும் பின் தொடைத் தசைக் கூட்டத்தைச் சேர்ந்தது. மேக்னஸின் கீழ்ப்பக்கம் ஒரு திறப்பு உண்டு. ஃபெமோரல் தமனி அதன் வழியாக முட்டிக்குப் பின்னால் போய் பாப்லிடியல் தமனி ஆகிறது. இதையும் கேட்பார்கள்.

அதே மாணவி: ஃபெமோரல் முக்கோணத்தில் (தொடை இடுக்குக்குக் கீழே முன்பக்கம்) நரம்பு, தமனி, சிரை வரிசை?

வெளியிலிருந்து உள்ளே நரம்பு, தமனி, சிரை. நரம்பு மட்டும் ஃபெமோரல் உறைக்கு வெளியே இருக்கும். தமனித் துடிப்பைத் தேட, இடுப்பெலும்பின் முன்முனைக்கும் பியூபிஸ் இணைப்புக்கும் சரிபாதியில் விரலை வையுங்கள்.

கபடிப் பயிற்சியாளர்: சார், எங்கள் ரெய்டர் பையன் போனஸ் கோட்டுக்குக் காலை எட்டிப் போட்டபோது தொடை இடுக்கில் பிடித்துக்கொண்டது. எந்தத் தசை? எப்போது களத்தில் இறக்கலாம்?

பெரும்பாலும் அடக்டர் லாங்கஸ். பையனை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்கி வெளிப்பக்கம் சாயவிட்டு, உங்கள் கையை எதிர்த்து உள்ளே தள்ளச் சொல்லுங்கள். தொடை இடுக்கில் கயிறு மாதிரி விறைத்து எழுவது லாங்கஸின் தசைநாண். அதன் மேலேயோ அதற்குச் சற்றுக் கீழே தசை தொடங்கும் இடத்திலேயோ விரல் வைத்தால் வலித்து, இரண்டு முட்டிக்கும் நடுவே உங்கள் முஷ்டியை வைத்து நெருக்கச் சொன்னாலும் அதே வலி வந்தால், அதுதான். நெருக்கும்போது வலிக்காமல் முட்டியை மார்புப் பக்கம் தூக்கும்போது வலித்தால் இடுப்பை மடக்கும் தசைகளான இலியோசோயஸ் அல்லது ரெக்டஸ் ஃபெமோரிஸைப் பாருங்கள். இருமினால் வலிக்கிறது, வீக்கம் தெரிகிறது என்றால் குடலிறக்கமா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

இங்கே எல்லாரும் செய்யும் தவறு, இறுக்கமாக இருக்கிறதே என்று காலை அகட்டி ஸ்ட்ரெட்ச் செய்ய வைப்பது. தசையும் தசைநாணும் சேரும் இடத்தில்தான் இழைகள் அறுந்திருக்கின்றன. இழுத்தால் அதே இடம் மறுபடி விரியும். முதல் 2, 3 நாள் இழுக்காதீர்கள். துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம், சில முறை. பிறகு பந்தை முட்டிகளுக்கு நடுவே வைத்து 5 விநாடி நெருக்கி விடுவது, 10 தடவை. வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. அது எளிதானதும் அடிபட்ட பக்கமாகப் படுத்து அந்தக் காலை மேலே தூக்குவது. கடைசியாகக் கோப்பன்ஹேகன் பயிற்சி: மேல் காலை ஒருவர் பிடித்திருக்க, அந்தக் காலின் பலத்தில் இடுப்பைத் தூக்குவது. முதலில் முட்டியைப் பிடியுங்கள். பலம் வந்தபின் கணுக்காலைப் பிடிக்கலாம்.

நாள் கணக்கு பார்த்து இறக்க வேண்டாம். முழு பலத்தோடு நெருக்கும்போது வலி இல்லை, பக்கவாட்டில் முழு வேகத்தில் ஓடித் திரும்பும்போதும் வலி இல்லை என்றால் இறக்குங்கள். முதல் நாளே பெரிதாகக் கன்றிப்போய், எலும்பை ஒட்டிப் பள்ளம் தட்டுப்பட்டு, நெருக்கவே முடியவில்லை என்றால் ஸ்கேன் எடுக்காமல் எந்தப் பயிற்சியும் தொடங்காதீர்கள்.

ஒரு தாய்: ஆறு வாரக் குழந்தைக்குத் தொடையில் ஊசி போடுகிறார்கள். பிட்டத்தில் போட்டால் வலி குறையாதா?

தொடைதான் சரியான இடம் அம்மா. அங்கே இருக்கும் வாஸ்டஸ் லேட்டராலிஸ் பச்சைக் குழந்தையிடமும் நன்றாகத் திரண்டிருக்கும் தசை. பெரிய நரம்போ ரத்தக்குழாயோ அதில் குறுக்கிடாது. பிட்டத்தில் தசை மெல்லியது, கொழுப்பு அதிகம், சயாட்டிக் நரம்பும் அருகிலேயே ஓடுகிறது. 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி) இடது தொடையின் நடுப்பகுதியில், முன்-வெளிப்பக்கம், 0.5 மில்லி. போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். வீங்கினால் ஈரத்துணி போதும்.

52 வயது வாசகர்: முட்டியில் நீர் கோத்து இரண்டு மாதம். தொடை இளைத்துவிட்டது. உள்பக்கத் தசைக்கென்று தனிப் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். சரியா?

நீங்கள் சொல்வது வாஸ்டஸ் மீடியாலிஸ், முட்டிச் சிப்பிக்கு மேலே உட்பக்கம் புடைத்திருக்கும் தசை. முட்டிக்குள் நீர் சேர்ந்தால், வலி இல்லாவிட்டாலும், முட்டியிலிருந்து போகும் நரம்புச் செய்தி தண்டுவடத்திலேயே குவாட்ரிசெப்ஸை (முன் தொடையின் நான்கு தலைத் தசையை) அடக்கிவிடும். 20, 30 மில்லி நீரே இதற்குப் போதும். அதனால் முதல் வேலை நீர் ஏன் வருகிறது என்று பார்த்து அதை வற்றவைப்பது. நீர் இருக்கும்வரை எந்தப் பயிற்சியும் பாதிதான் வேலை செய்யும்.

மீடியாலிஸை மட்டும் தனியாக வேலை வாங்குவது நடக்காத காரியம். குவாட்ரிசெப்ஸின் நான்கு தலைகளுக்கும் ஒரே ஃபெமோரல் நரம்பு. நான்கும் சிப்பியின் வழியாக ஒரே இடத்தைத்தான் இழுக்கின்றன. உட்பக்கம் இளைத்தது முதலில் கண்ணில் படக் காரணம், அங்கே மேலே மூடியிருக்கும் உறை மெல்லியது. மொத்தத் தசையையும் வளருங்கள், உட்பக்கமும் கூடவே வரும்.

முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியால் அதைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடியுங்கள். 10 தடவை, நாளைக்கு மூன்று நான்கு வேளை. அடுத்து காலை நேராக வைத்து ஒரு ஜாண் உயரம் தூக்குங்கள். தூக்கும்போது முட்டி லேசாக மடிந்து தொய்ந்தால் குவாட்ரிசெப்ஸ் இன்னும் தயாராகவில்லை. துண்டுப் பயிற்சிக்கே திரும்புங்கள். தொய்வு நின்றபின் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, 10 தடவை, மூன்று சுற்று. மறுநாள் வீக்கம் கூடியிருந்தால் அளவு அதிகம் என்று பொருள், பாதியாகக் குறையுங்கள். சிப்பியின் மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. மேலே குறி வைத்து இரு தொடையின் சுற்றளவையும் மாதம் ஒருமுறை அளந்து எழுதி வாருங்கள்.

கால்பந்து ஆடும் மாணவர்: எதிராளி முட்டி என் தொடையில் இடித்துவிட்டது. வீட்டில் சூடான எண்ணெய் போட்டு உருவிவிடச் சொல்கிறார்கள்.

வேண்டாம் தம்பி, கட்டாயம் வேண்டாம். அடி விழுந்ததும் எலும்போடு ஒட்டிய வாஸ்டஸ் இன்டர்மீடியஸ் எலும்பில் நசுங்கி உள்ளுக்குள் ரத்தம் கசிகிறது. சூடும் உருவலும் கசிவைக் கூட்டும். அடிபட்ட உடனேயே முட்டியை முடிந்த அளவு, 120 பாகை வரை, மடக்கி பேண்டேஜ் சுற்றி, ஐஸ் வைப்பது நல்லது. ஒரு நாள் அப்படியே வைக்கலாம். தசை நீண்ட நிலையில் இருந்தால் ரத்தம் தேங்க இடம் குறைவு, பிறகு முட்டி மடங்காமல் போவதும் குறையும். இரண்டு மூன்று வாரம் கழித்தும் கல் மாதிரி கட்டி, மடக்கும் அளவும் குறைந்துகொண்டே போனால் எக்ஸ்ரே எடுங்கள். தசைக்குள் எலும்பு படிந்திருக்கலாம். முதல் நாளிலேயே வலி ஏறிக்கொண்டே போய், தொடை விறைத்து, மரத்தும் போனால் அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஓட்டப் பயிற்சி செய்பவர்: குதிகாலைப் பிட்டத்தோடு சேர்த்துப் பிடித்தாலும் முன் தொடையில் இழுப்பே தெரியவில்லையே?

ரெக்டஸ் ஃபெமோரிஸ் இடுப்பையும் முட்டியையும் தாண்டுகிற தசை. நீங்கள் முட்டியை மடக்கும்போது இடுப்பு முன்னால் சரிந்து முதுகு வளைகிறது, மேல்முனை தளர்ந்துவிடுகிறது. பிட்டத்தை இறுக்கி, அடிவயிற்றை உள்ளிழுத்து, முட்டி கீழே பார்க்கப் பிடியுங்கள். குதிகால் பிட்டத்தைத் தொடாவிட்டாலும் இழுப்பு தெரியும்.

தையல் தொழிலாளி: வெளித்தொடையில் எரிச்சல், மரப்பு. தசை கெட்டுவிட்டதா?

கால் பலம் குறையவில்லை என்றால் தசை அல்ல. தோலுக்கு மட்டும் போகும் வெளித்தொடை நரம்பு, இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகே நசுங்குகிறது. இறுக்கமான பெல்ட்டைத் தளர்த்துங்கள், எடை கூடியிருந்தால் குறையுங்கள். முட்டி மடிந்து விழுகிற மாதிரி இருந்தால் அது ஃபெமோரல் நரம்பு. தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு தந்தை: 12 வயது மகன் முட்டி வலி என்று நொண்டுகிறான். முட்டி எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது.

அப்டுரேட்டர் நரம்பு இடுப்பு மூட்டுக்கும் கிளை தருகிறது, முட்டிக்கும் தருகிறது. இடுப்பில் உள்ள கோளாறு முட்டியிலோ உள் தொடையிலோ வலியாகத் தெரியும். இந்த வயதில் தொடை எலும்பின் தலை வளர்தட்டில் நழுவும் நோய் உண்டு. மல்லாக்கப் படுக்கவைத்து இடுப்பை மடக்கிப் பாருங்கள். கால் தானாக வெளிப்பக்கம் திரும்பினால் சந்தேகம் வலுக்கிறது. இரண்டு இடுப்புக்கும் நேராகவும், தவளைக்கால் நிலையிலும் எக்ஸ்ரே கேளுங்கள். நேர்ப்படத்தில் மட்டும் ஆரம்ப நழுவல் தப்பிவிடும். எலும்பு மருத்துவர் பார்க்கும்வரை அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள்.